பழைய காரும் மலைப் பாதையும்: வாசகர் கேள்வி – பதில்

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் விற்றுத் தள்ளியிருக்க வேண்டிய கார்களை எல்லாம் நம் ஆட்கள் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டிப் பழகிவிட்டார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பாதி சூடேறுவது பற்றியும் பிரேக் பற்றியும்தான். அவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது 1993 கொரோலா, 1500 சிசி பெற்றோல். கினிகத்தேனையில் இருந்து ஹட்டன் ஏறும்போது சூட்டு முள் மேலே போகிறது. கராஜில் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டார்கள். இப்போதும் ஏற்றத்தில் சூடாகிறது. காலையில் கிட்ட உள்ள கடைக்குப் போய் வந்தால் முள் எழும்புவதே இல்லை. ஒயில் மூடிக்கு உள்ளே வெள்ளை நுரை. ஹெட் கேஸ்கட் (என்ஜின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். இறக்கலாமா?
– வாசகர், வட்டவளை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றைப் போடுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் இரண்டு, அதைக் கழட்டியதால் வந்தவையாக இருக்கலாம்.

இந்த டொயோட்டா என்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. என்ஜின் குளிராக இருக்கும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும். சூடானதும் அந்த வழியைத் திறந்து, தன் அடித்தட்டால் பைபாஸ் துவாரத்தை அடைக்கும். கழட்டிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் குளிர் காலையில் சூடு ஏறுவதில்லை, ஏற்றத்தில் சூடு இறங்குவதுமில்லை. "மலைநாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்பது நம் ஊர்க் கராஜ்களில் பரவியிருக்கும் தவறான பேச்சு.

நுரைக்கு வருவோம். வட்டவளை மாதிரி எந்நேரமும் ஈரம் தங்கும் இடத்தில், என்ஜின் சரியாகச் சூடாகாமல் ஐந்து பத்து நிமிடம் மட்டும் ஓடினால், உள்ளே படியும் நீராவி ஒயிலோடு கலந்து மூடியில் வெள்ளையாக ஒட்டும். மூடியைத் துடைத்துவிட்டு ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். குச்சியில் உள்ள ஒயில் தெளிவாக இருந்து, அளவும் கூடாமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரம். ஹெட் கேஸ்கட் போனதற்கான அடையாளங்கள் வேறு: ஒழுக்கு எங்கும் இல்லாமலே தண்ணீர் குறையும், குளிர் என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வரும். இவற்றில் ஒன்றாவது தெரிந்தால்தான் ஹெட் பற்றிப் பேச வேண்டும்.

புதுத் தெர்மோஸ்டாட்டையும் போடுமுன் சோதித்துவிடுங்கள். 82 என்று அடித்த தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 80 – 84 பாகையில் திறக்கத் தொடங்க வேண்டும். நன்றாகச் சூடானபின் 8 மில்லிமீற்றராவது விலகியிருக்க வேண்டும். நுவரெலியாவில் இருந்து இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. பொருத்தும்போது ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். ஆடும் சிறு ஊசி மேற்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. விலை குறைந்த பொருள் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. மேலே 0.9 என்று அடித்திருக்கும். ஹட்டன் உயரத்தில், அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டக் கொதிக்கும். 0.9 மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 115 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் விசிறி வேலை தொடங்கும் 93 பாகைக்கும் கொதிநிலைக்கும் இடையில் மூன்றே பாகைதான் மிஞ்சும். பிறகு எந்த ரேடியேட்டர் போட்டும் பயனில்லை.

விசிறியைப் பார்க்கச் சாவியை ஓனில் வைத்து, கீழ்ப்பக்கச் சூட்டு சுவிட்சின் வயரைக் கழட்டுங்கள். இந்த மொடலில் வயரைக் கழட்டினாலே விசிறி ஓட வேண்டும். ஓடாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள். லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது இயற்கைக் காற்று எதுவும் கிடைக்காது, முழு வேலையும் விசிறிக்குத்தான். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து கழட்டப்பட்டிருந்தால் அதையும் தேடிப் போடுங்கள்.

நன்றாக ஓடிய பின் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நடுவில் அல்லது கீழே திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைப்பு. வருடக்கணக்காகப் பீலித் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டருக்கு இதுதான் கதி. மறுபடி நிரப்பும்போது பாதி கூலன்ட், பாதி பெட்டரித் தண்ணீர். மொத்தம் ஆறு லீற்றருக்குள் முடியும். காரின் முன்பக்கம் மேட்டைப் பார்த்திருக்க, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மிச்சத்தை ஊற்றி மூடுங்கள். சூடாக இருக்கும் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

கேள்வி: மூடுபனிக் காலையில் கார் ஸ்டார்ட் ஆகி உதறுகிறது. பத்து மணிக்கு வெயில் வந்தால் ஒன்றும் இல்லை. ஒரு டிஸ்பிளேசர் ஸ்பிரே அடித்தால் அன்றைக்குச் சரி, அடுத்த நாள் பழையபடி.
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: ஸ்பிரே ஈரத்தை விரட்டும், வெடிப்பை அடைக்காது. இருட்டிய பிறகு பொனெட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போது பிளக் வயர்கள் மீதும் டிஸ்ரிபியூட்டர் கெப் மீதும் பூவாளிப் போத்தலால் மெல்லியதாகத் தண்ணீர் தெளியுங்கள். நீலப் பொறி எங்கே தாவுகிறதோ அங்கேதான் கசிவு. ஓடும்போது வயரைக் கையால் தொடாதீர்கள். கெப்பின் உட்பக்கம் தலைமயிர் போல் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அது கரித்தடம். சுரண்டினாலும் திரும்ப வரும், கெப்பையும் ரோட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். வயர்களை மீற்றரில் அளந்தால் டொயோட்டாவில் ஒன்று 25 கிலோ ஓமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு வயர் போயிருந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள், மற்றவையும் அதே வயதுதான்.

கேள்வி: 1996 நிஸான் சனி. நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது புசல்லாவைக்குக் கிட்டப் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடும். பேட் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்க நீண்ட இறக்கங்களில் நியூட்ரலில் விடுவது வழக்கம்.
– வாசகர், லபுக்கலை

பதில்: கடைசி வரியில் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கம்பளைக்கு இறங்க ஏறக்குறைய 1,400 மீற்றர். ஆட்களோடு 1,300 கிலோ வரும் காரை அவ்வளவு உயரம் இறக்கும்போது வெளிவரும் சக்தி சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமன். கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அநேகமாக முழுவதும் நான்கு சக்கரப் பிரேக்குகளில் சூடாக மாறும். பெற்றோல் மிச்சம் என்பதும் பொய்க் கணக்கு. இஞ்செக்ஷன் என்ஜினில் கியரில் இருந்தபடி அக்சிலேட்டரை விட்டால் பெற்றோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குப் பெற்றோல் எரியும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். றம்பொடை வளைவுகளுக்கு இரண்டு, நேரான துண்டுகளுக்கு மூன்று.

நிறுத்தி ஆறினால் சரியாகும் மெத்தென்ற பெடல், பிரேக் ஒயில் கொதித்ததன் அடையாளம். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4க்கு 230, 155. கொதித்த இடத்தில் ஆவிக் குமிழி உண்டாகும். நீங்கள் பெடலை அழுத்தும்போது குமிழிதான் நசுங்கும், பேட் நகராது. நம் பக்கத்து ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது கட்டாயம். உங்கள் காருக்கு டொட் 4 போடலாம், டொட் 3 உடன் கலந்தாலும் தீங்கில்லை. சிலிக்கன் வகையான டொட் 5 வேறு பொருள், அதை ஊற்றவே கூடாது.

மற்றக் குறைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெடல் கடினமாகவே இருந்து, கருகல் வாடையோடு கார் நிற்காமல் போனால் பேட் சூடேறிப் பிடியிழந்திருக்கிறது. குளிராக இருக்கும்போதே, அழுத்திப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. மேலே நுவரெலியாவில் பெடல் வழக்கத்தைவிடக் கடினமாகத் தெரிந்தால் பெடலை இலகுவாக்கும் வெக்யூம் ஹோஸைப் பாருங்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் சிறு கசிவும் அங்கே பெரிதாகத் தெரியும்.

ஒயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். சாமான்கள்: அரை லீற்றர் புது ஒயில் இரண்டு போத்தல் (மூடி திறக்காதவை), 8, 10 ரிங் ஸ்பேனர்கள், சக்கரப் பிரேக்கில் ஒயிலை வெளியே விடும் நிப்பிளில் இறுகப் பொருந்தும் வெள்ளை டியூப், ஒரு கண்ணாடிப் போத்தல். காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். லயத்துக்கு முன்னால் சரிந்த முற்றத்தில் ஜக் அடித்து இந்த வேலை செய்ய வேண்டாம், ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவும் வேண்டாம். ஸ்டாண்ட் வையுங்கள்.

பிரேக் ஒயில் டேங்கில் உள்ள பழைய கறுப்பு ஒயிலை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புங்கள். இரண்டு சோடிக் குழாய் குறுக்காகப் போகும் கார்களில் கம்பனி சொல்லும் சக்கர வரிசை மாறலாம். சேவிஸ் புத்தகம் கையில் இல்லாவிட்டால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தொடங்கி, பெடல் இன்னும் மெத்தென்றால் இன்னொரு சுற்றுப் போங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, ஒயில் வந்ததும் இறுக்கி, "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். வரிசையைத் தவறவிட்டால் டியூப் வழியே காற்று உள்ளே போய்விடும். நாலைந்து அழுத்தலுக்கு ஒருமுறை டேங்கைப் பாருங்கள். அது வெறுமையானால் எல்லாம் ஆரம்பத்தில் இருந்துதான்.

பழைய காருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: பெடலைத் தரைவரை அழுத்தக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் ஆழத்தில், பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ரப்பர் அதில் உரசிக் கிழிந்தால், நேற்றுவரை நன்றாக இருந்த சிலிண்டர் நாளைக்கு ஒழுகும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். சிந்திய ஒயில் பெயின்ரைத் தின்னும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சக்கரம் கழட்டியிருக்கும்போதே கேலிப்பரின் இரண்டு நழுவும் ஊசிகளையும் இழுத்துப் பாருங்கள். கையால் நகராவிட்டால் ஒரு பக்கப் பேட் எந்நேரமும் உரசிக்கொண்டு சூட்டைக் கிளப்பும். "பேட் ஆறு மாதம்" என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். துருவை நீக்கிப் பிரேக்குக்கான கிரீஸ் மட்டும் பூசுங்கள், சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பேட் 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றுங்கள்.

வழியிலேயே பெடல் போய்விட்டால்: வேகமாகப் பலதடவை மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். சாவியைத் திருப்பி எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்துப் பக்கம் அல்ல, மண்மேட்டுப் பக்கம் உரசி நிறுத்துங்கள்.

கேள்வி: கொரோலா 110 டீசல், 2சி என்ஜின். ஜனவரிக் குளிரில் காலையில் நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. பிடித்தாலும் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை. பெட்டரி புதிது. பக்கத்து வீட்டு அண்ணன் காற்று உறிஞ்சும் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார்.
– வாசகி, கந்தப்பளை

பதில்: அண்ணனுடைய யோசனை ஆபத்தானது. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அந்த ஸ்பிரே நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் உடையும்.

வெள்ளைப் புகை எரியாத டீசல். நான்கு ஹீட்டர் பிளக்கையும் சோதியுங்கள். அவற்றை இணைக்கும் தகட்டின் நட்டுகளைக் கழட்டி, தகட்டை எடுத்துவிடுங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பெட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்தது. மீற்றர் இருந்தால் நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும். வாங்கும்போது பழையதில் அடித்திருக்கும் வோல்ற் எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். 6 வோல்ற் பிளக்கை 11 வோல்ற் இடத்தில் போட்டால் அடுத்த வாரமே கருகும். நான்கும் நன்றாக இருந்தால், இன்னொருவர் சாவியைத் திருப்ப, தகட்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது பெரிய பியூஸ்.

பிளக்கில் குறையில்லை என்றால் காற்று. டீசல் ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பைக் காலையில் அமுக்கிப் பாருங்கள். தளர்வாக இருந்து, பத்துப் பதினைந்து தடவை அமுக்கியபின் இறுகி, அதன்பின் உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிப் போகிறது. இஞ்செக்டர்களின் மேலே ஓடும் சின்ன ரிட்டர்ன் ஹோஸ்கள்தான் முதல் சந்தேகம். மலிவு, மாற்றிவிடுங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரையும் வடியுங்கள்.

கேட்காத ஒன்று: டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றர்தான் அதன் கணக்கு. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும்.

கேள்வி: மாருதி 800, கார்புரேட்டர். புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியவில்லை. பிளக் எல்லாம் கறுப்பு. கண்டியில் இருந்து வாங்கி வந்த கார்.
– வாசகர், நானுஓயா

பதில்: கண்டி சுமார் 500 மீற்றர், உங்கள் ஊர் அதைவிட ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம். காற்று மெலிந்துவிடும், கார்புரேட்டருக்கு அது தெரியாது; பழைய அளவிலேயே பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் உடனே ஸ்குரூவைத் திருப்பாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது. சோக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறதா என்று கார்புரேட்டரின் வாயிலேயே பாருங்கள். டாஷ்போர்ட் குமிழ் உள்ளே போயிருப்பது சாட்சி ஆகாது. ஈரமான இடத்துக் கார்களில் பெரும்பாலும் குற்றவாளி இந்தக் கேபிள்தான். மூன்று பிளக்கையும் துலக்கி இடைவெளியை 0.7 – 0.8 மில்லிமீற்றரில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஐட்லிங் மிக்ஸர் ஸ்குரூ. முதலில் அதை மெதுவாக உள்ளே இறுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்து வையுங்கள். பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, நன்றாகச் சூடான என்ஜினில் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். என்ஜின் தடுமாறத் தொடங்கும் இடத்தில் இருந்து அரைக்கால் சுற்று வெளியே எடுத்தால் போதும். கொழும்புப் பக்கம் அடிக்கடி இறங்குபவர் என்றால் இன்னும் கொஞ்சம் வெளியே விடுங்கள். பரிசோதனைக்குப் போகுமுன் இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்குங்கள், வாசலில் குளிர் என்ஜினோடு நிற்க வேண்டாம்.

கேள்வி: முன் சீட்டுக் கார்பெட் எப்போதும் ஈரம். கண்ணாடியும் உள்ளே வியர்க்கிறது. கதவு ரப்பர் மாற்றியும் பயனில்லை.
– வாசகி, பண்டாரவளை

பதில்: ஈரத்தை விரலில் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது. வெறும் தண்ணீர் என்றால் முன் கண்ணாடிக்கும் பொனெட்டுக்கும் நடுவில் உள்ள கிராதியைக் கழட்டுங்கள். அடியில் சவுக்கு, பைனஸ் இலைகள் மக்கி வடிகால் ஓட்டை அடைபட்டிருக்கும். கம்பியால் குத்தாமல் கையால் அள்ளி எடுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டுகிறதா என்று பாருங்கள். கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சையும் வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.